டெபியனில் சிஸ்டம்டியை மாற்றுவது எப்படி: ஆப்ட் காட்டும் அகற்றல் பட்டியலோடு ஒரு வழிகாட்டி

கணினி துவங்கியதும் முதலில் ஓடி மற்ற எல்லாவற்றையும் கிளப்பிவிடும் நிரலுக்கு 'இனிட்' என்று பெயர். டெபியன் லினக்ஸில் அந்த இடத்தில் இருப்பது சிஸ்டம்டி. அதை எப்படித் தூக்குவது என்று யாரையாவது கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்: பழைய இனிட்டான சிஸ்விஇனிட்டின் 'சிஸ்விஇனிட்-கோர்' பேக்கேஜை நிறுவு, கணினியை மறுபடி துவக்கு. அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் டெஸ்க்டாப் உள்ள கணினியில் அதைத் தட்டி, பேக்கேஜ்களை நிறுவி அகற்றும் கருவியான ஆப்ட் கேட்கும் கேள்விக்கு யோசிக்காமல் 'ஒய்' போட்டால், அடுத்த முறை கறுப்புத் திரையில் லாகின் வரி மட்டும்தான் நிற்கும். இனிட் மாறியிருக்கும், கூடவே டெஸ்க்டாப்பில் பாதியும் போயிருக்கும்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன அலுவலகத்தின் பழைய மேசைக் கணினிகளை. டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், அதற்கு அடியில் சிஸ்விஇனிட். இதற்குப் பின்னால் பெரிய கொள்கை எதுவும் இல்லை. துவக்கத்தில் நடப்பதெல்லாம் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தால் திறந்து படிக்க வசதி, அவ்வளவுதான். நினைவகம் மிச்சமாகும் என்ற ஆசையில் மாற்றப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். ப்ரௌசரில் இரண்டு பக்கம் திறந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். சர்வர்களில் நான் கை வைப்பதே இல்லை, அங்கே சிஸ்டம்டியே இருக்கட்டும். செத்துப்போன சர்வீஸைத் தானாக எழுப்பிவிடும் வசதி ஒன்றுக்காகவே அது அங்கே நிற்கத் தகும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

டெபியனில் இந்தத் தேர்வு எப்படி மிஞ்சியது

சிஸ்டம்டி 2010-இல் வந்தது. 2011-இல் ஃபெடோரா 15 அதை இயல்புநிலை ஆக்கியது. டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் 2014 பிப்ரவரியில் வாக்குகள் நாலுக்கு நாலு என்று நின்றன, தலைவர் பிடேல் கார்பியின் வாக்கில் சிஸ்டம்டி ஜெயித்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, சிஸ்டம்டி இல்லாத டெபியனாக டெவுவான் பிரிந்து போகும் அறிவிப்பு வந்தது. அதன் முதல் முழு வெளியீடு 2017 மே மாதத்தில். 2019 டிசம்பரில் டெபியன் மறுபடி வாக்கெடுப்பு நடத்தி, சிஸ்டம்டிதான் மையம், மாற்றுகளை முயல்கிறவர்களுக்கும் இடம் உண்டு என்று முடிவெடுத்தது. ஆக, சிஸ்விஇனிட் இன்றும் டெபியன் களஞ்சியத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு பேக்கேஜ் பராமரிப்பாளரும் அதை நினைத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று வேண்டும் என்ற சார்பால், அதாவது டிபெண்டன்சியால், வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

'சிஸ்டம்டி' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சங்கதிகள்

முதல் வேலையாக இவற்றைப் பிரித்துப் பாருங்கள். இந்தப் பிரிவு பிடிபட்டால் ஆப்ட் சொல்வது பாதிக்கு மேல் தானாகப் புரிந்துவிடும்.

ஒன்று, முதல் ப்ராசஸாக ஓடும் இனிட். டெபியனில் 'சிஸ்டம்டி' பேக்கேஜை நிறுவியிருந்தாலே அது இனிட் ஆகிவிடாது. எஸ்பின்/இனிட் என்ற இணைப்பைத் தன் கையில் வைத்திருப்பது 'சிஸ்டம்டி-சிஸ்வி' என்ற குட்டிப் பேக்கேஜ். 'சிஸ்விஇனிட்-கோர்' மோதுவது இதனோடுதான். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். இப்போது எது ஓடுகிறது என்று பார்க்க ப்ராக்/1/காம் கோப்பைப் படியுங்கள். ரன்/சிஸ்டம்டி/சிஸ்டம் என்ற அடைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிஸ்டம்டி இனிட்டாக ஓடும்போது மட்டும்தான் அந்த அடைவு இருக்கும். நிரல்களும் ஸ்கிரிப்டுகளும் இதை வைத்தே தெரிந்துகொள்கின்றன.

இரண்டாவது, லாகின்டி. யார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு பென் டிரைவ் ஏற்ற அனுமதி உண்டா, மெனுவிலிருந்து ஷட்டவுன் செய்யலாமா என்றெல்லாம் கணக்கு வைத்திருப்பது இது. டெஸ்க்டாப் உண்மையில் கேட்பது இதைத்தான், இனிட்டை அல்ல. டெபியனில் லாகின்டியோடு லாகினை இணைத்து வைக்கும் பேக்கேஜ் 'லிப்பாம்-சிஸ்டம்டி'. அது தனக்கு 'சிஸ்டம்டி-சிஸ்வி' வேண்டும் என்கிறது. சங்கிலி இப்படித்தான் உருவாகிறது: டெஸ்க்டாப்புக்கு, அனுமதிகளைச் சரிபார்க்கும் பால்கிட் வேண்டும், பால்கிட்டுக்கு லாகின்டி வேண்டும், லாகின்டி இனிட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. இனிட்டை உருவினால் மொத்தமும் சரிகிறது. இதற்கு மாற்று 'ஈலாகின்டி'. சிஸ்டம்டியிலிருந்து லாகின்டியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த திட்டம் அது. கூடவே 'லிப்பாம்-ஈலாகின்டி' என்ற இணைப்புப் பேக்கேஜும் உண்டு.

மூன்றாவது, 'லிப்சிஸ்டம்டி0' என்ற நூலகம். இது கணினியில் இருந்தால் சிஸ்டம்டி ஓடுகிறது என்று அர்த்தமில்லை. சிஸ்டம்டி இல்லாத கணினியில் இந்த நூலகம் சும்மா கிடக்கும், யாரையும் கடிக்காது. பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கோபப்பட்டு அதையும் அகற்றப் போகிறவர்கள் கணினியைக் குலைத்துவிடுகிறார்கள்.

இருந்தாலும் நூலகச் சார்பு எப்போதும் சாதுவானது என்றும் சொல்ல மாட்டேன். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளியிட்ட எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் கருவி) பின்கதவு விவகாரம் நினைவிருக்கலாம். தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் தானாக எக்ஸ்இசட்டின் எல்இசட்எம்ஏ நூலகத்தைப் பயன்படுத்துவதில்லை. சிஸ்டம்டிக்கு 'தயார்' என்று ஒரு செய்தி அனுப்புவதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை அதை லிப்சிஸ்டம்டியோடு இணைத்திருந்தன. அந்த நூலகம் தன்னோடு எல்இசட்எம்ஏவையும் இழுத்து வந்தது. எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்ட நஞ்சு எஸ்எஸ்ஹெச் வரை வர அந்த வழி போதுமானதாக இருந்தது. டெபியனின் நிலையான வெளியீட்டில் அந்தப் பதிப்புகள் இல்லாததால் பலர் தப்பித்தார்கள்.

ஆப்ட் எப்படி முடிவெடுக்கிறது

ஒரு பேக்கேஜின் டிபெண்டன்சி வரியில் நடுவே '|' என்ற கோடு வந்தால் 'இது, இல்லாவிட்டால் அது' என்று பொருள். பால்கிட்டின் வரியில் 'டிஃபால்ட்-லாகின்டி | லாகின்டி' என்று இருக்கும். முதல் பெயரைத் தருவது லிப்பாம்-சிஸ்டம்டி. இரண்டாவதை லிப்பாம்-ஈலாகின்டியும் தரும். இரண்டுமே இல்லாத கணினியில் ஆப்ட் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் வேறெதையும் தேடாது. நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் டிபஸ் பக்கமும் இதே கதைதான். டிபஸ்-யூசர்-செஷன் சிஸ்டம்டியை இழுக்கும், டிபஸ்-எக்ஸ்11 இழுக்காது.

ஆகவே எதை முதலில் நிறுவுகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாற்றுப் பேக்கேஜை முதலில் உள்ளே வைத்துவிட்டு அப்புறம் டெஸ்க்டாப்பைக் கேட்டால் ஆப்ட் சண்டை போடாது. டெஸ்க்டாப்பை முதலில் கேட்டுவிட்டு மாற்றுகளைத் திணிக்கப் போனால் பாதியை அகற்றட்டுமா என்று கேட்கும்.

எதைச் செய்வதற்கு முன்னும் ஒத்திகை பாருங்கள். ஆப்ட்-கெட்டோடு 'மைனஸ் எஸ்' சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லும், எதையும் தொடாது. ரூட் அனுமதிகூட வேண்டாம். ஒரு பேக்கேஜ் ஏன் உள்ளே வந்தது என்று தெரியாவிட்டால் 'ஆப்டிட்யூட் ஒய்' என்று அதன் பெயரோடு கேளுங்கள் (இந்த 'ஒய்' ஒற்றை எழுத்து அல்ல, 'ஏன்' என்னும் ஆங்கிலச் சொல்). யார் யாரை இழுத்து வந்தார்கள் என்ற சங்கிலியை வரிசையாகக் காட்டும். 'ஒய்-நாட்' போட்டால் ஏன் வர முடியவில்லை என்று சொல்லும். ஆப்டிட்யூடை நான் வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை, இந்த இரண்டு கேள்விகளுக்காகவே நிறுவி வைத்திருக்கிறேன்.

ஆப்ட்டின் பிழைச் செய்தி ஒன்று ரொம்பவே குழப்பும். 'ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்' உங்களிடம் இருக்கின்றன என்று முடியும். நீங்கள் எதையும் நிறுத்தி வைக்கவில்லையே என்று ஆப்ட்-மார்க் ஷோஹோல்டில் போய்த் தேடினால் காலியாக இருக்கும். பெரும்பாலும் ஆப்ட்டால் ஒத்துப்போகும் ஒரு கூட்டணியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். செய்தியில் முதலில் வரும் பெயர் குற்றவாளியாக இருப்பதும் அபூர்வம். 'இந்தப் பேக்கேஜ் வேண்டும், ஆனால் நிறுவப்படப் போவதில்லை' என்று எந்தப் பெயரைச் சொல்கிறதோ அதை மட்டும் தனியாக நிறுவ ஒத்திகை பாருங்கள். அது இன்னொரு பெயரைச் சொல்லும். அதையும் கேளுங்கள். மூன்று நான்கு படி இறங்கினால் உண்மையான மோதல் கிடைத்துவிடும். பல நேரம் அது வெளியிலிருந்து சேர்த்த ஒரு களஞ்சியமாக இருக்கும். உபுண்டுவுக்கான களஞ்சியத்தை டெபியனில் செருகியிருப்பார்கள், செருகியதையே மறந்தும் போயிருப்பார்கள்.

எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் தன் யூடியூப் சேனலில் பாப்!_ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு நிரலை நிறுவப் போனார். டிபெண்டன்சிக் கோளாறால் ஆப்ட் டெஸ்க்டாப்பையே அகற்றப் பார்த்தது. 'ஆமாம், நான் சொல்வதைச் செய்' என்று முழு வாக்கியமாகத் தட்டச் சொல்லியும் கேட்டது. அவர் தட்டினார், டெஸ்க்டாப் போயிற்று. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது சந்தேகம்தான்.

சுலபமான வழி: புதிதாக நிறுவுவது

கணினியில் தரவு குறைவு என்றால் இதையே செய்யுங்கள். டெபியனின் நெட்இன்ஸ்ட் நிறுவியில் மென்பொருள் தேர்வுத் திரை வரும்போது எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள், 'ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யுட்டிலிட்டீஸ்' உட்பட. வெறும் எலும்புக்கூடு மட்டும் நிறுவப்படும்.

துவங்கியதும் ரூட்டாக சிஸ்விஇனிட்-கோரையும் ஆர்ஃபன்-சிஸ்விஇனிட்-ஸ்கிரிப்ட்ஸையும் சேர்த்து நிறுவுங்கள். பராமரிப்பாளர்கள் தங்கள் பேக்கேஜிலிருந்து நீக்கிவிட்ட பழைய இனிட் ஸ்கிரிப்டுகளைச் சேகரித்து வைத்திருப்பது இரண்டாவது பேக்கேஜ். அது இல்லாவிட்டால் சில சர்வீஸ்கள் நிறுவப்பட்டிருந்தும் துவங்கவே துவங்காது.

'இன்றியமையாத பேக்கேஜ் அகற்றப்படும்' என்ற எச்சரிக்கை இங்கே வரலாம். அதில் சிஸ்டம்டி-சிஸ்வியின் பெயர் மட்டும் இருந்து, நிறுவப்படும் பட்டியலில் சிஸ்விஇனிட்-கோரும் இருந்தால் தொடரலாம், ஒன்று போய் இன்னொன்று வருகிறது. வேறு ஏதாவது ஒரு பெயர் கூடுதலாகத் தெரிந்தாலும் 'என்' போட்டுவிட்டு வெளியே வந்து காரணத்தைத் தேடுங்கள்.

அடுத்து மறுதுவக்கம். இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. இப்போது 'ரீபூட்' என்பது புதிய இனிட்டின் கட்டளை, ஓடிக்கொண்டிருப்பதோ இன்னும் சிஸ்டம்டி. இரண்டும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் நிற்கலாம். அதனால் 'சிஸ்டம்சிடிஎல் ரீபூட்' என்றே கொடுங்கள். சிஸ்டம்டி பேக்கேஜ் இன்னும் வட்டில் இருப்பதால் அது வேலை செய்யும். வட்டில் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. புதிய இனிட் துவங்காமல் மாட்டிக்கொண்டால் கணினி துவங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் 'இ' அழுத்தி, கெர்னல் வரியின் முடிவில் இனிட்=/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்டி என்று சேர்த்தால் பழையபடி உள்ளே போகலாம்.

துவங்கியதும் ப்ராக்/1/காம் 'இனிட்' என்று காட்டினால் ஈலாகின்டி, லிப்பாம்-ஈலாகின்டி, டிபஸ்-எக்ஸ்11 மூன்றையும் நிறுவுங்கள். சிஸ்டம்டி பேக்கேஜை அகற்ற வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான். சிஸ்டம்டி இனிட்டாக ஓடிக்கொண்டிருக்கும்போது அகற்றப் பார்த்தால், அதன் அகற்றல் ஸ்கிரிப்டே 'நான்தான் இப்போது ஓடும் இனிட், முதலில் வேறொன்றுக்கு மாறு' என்று மறுத்துவிடும். அதனால்தான் நடுவில் ஒரு மறுதுவக்கம். அகற்றிய பிறகு முன்னே சொன்ன க்ரப் குறுக்குவழி இருக்காது, நினைவில் வையுங்கள்.

கடைசியாக டெஸ்க்டாப்: எக்ஸ்ஓஆர்ஜி, எக்ஸ்எஃப்சிஇ4, லாகின் திரைக்கு லைட்டிஎம். லாகின் செய்ததும் டெர்மினலில் 'லாகின்சிடிஎல்' தட்டுங்கள். ஈலாகின்டியும் அந்தக் கட்டளையைத் தருகிறது. உங்கள் பெயரில் ஒரு செஷன் தெரிந்தால் பென் டிரைவும் ஷட்டவுன் பொத்தானும் ஒழுங்காக வேலை செய்யும். பொத்தான் மங்கிக் கிடந்தால் செஷன் பதிவாகவில்லை என்று அர்த்தம். லிப்பாம்-ஈலாகின்டி உள்ளே இருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள்.

ஏற்கெனவே டெஸ்க்டாப் உள்ள கணினியில்

வயர் வழி இணையத்தைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். நெட்வொர்க்மேனேஜர் நடுவழியில் போய்விடலாம், வைஃபையை நம்பினால் நட்டாற்றில் நிற்க வேண்டியதுதான். 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு தேவைப்படும் ஈலாகின்டி வகையறாக்களை 'டவுன்லோட்-ஒன்லி' தேர்வோடு முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், சிஸ்விஇனிட்-கோரை நிறுவுவதற்கு ஒத்திகை பாருங்கள்.

அகற்றல் பட்டியலில் சிஸ்டம்டி-சிஸ்வி, லிப்பாம்-சிஸ்டம்டி, டிபஸ்-யூசர்-செஷன் இருப்பது இயல்பு. டாஸ்க்-எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப் போன்ற மெட்டாபேக்கேஜ்கள் போனாலும் பரவாயில்லை. மெட்டாபேக்கேஜ் என்பது மளிகைச் சீட்டு மாதிரி. சீட்டைக் கிழித்தால் வாங்கி வைத்த அரிசி பருப்பு மறைந்துவிடாது. ஆனால் சீட்டு போனதும் அது இழுத்து வந்த பேக்கேஜ்கள் சிலவற்றை யாரும் கேட்காதவையாக ஆப்ட் கருதலாம். அந்த நிலையில் 'ஆட்டோரிமூவ்' கொடுத்தால் அவையும் போய்விடும். டெஸ்க்டாப் முழுதாகத் திரும்பும்வரை அந்தக் கட்டளையைத் தொடவே தொடாதீர்கள்.

பால்கிட், லைட்டிஎம், நெட்வொர்க்மேனேஜர் எல்லாம் பட்டியலில் இருந்தால் பயப்பட வேண்டாம், அவை திரும்பி வரும். போனவற்றின் பெயர்கள் வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பில் 'ரிமூவ்' என்ற வரியில் பதிவாகியிருக்கும். மறுதுவக்கத்துக்குப் பிறகு ஈலாகின்டி மூவரை நிறுவிவிட்டு, அந்த வரியில் உள்ளவற்றைத் திரும்ப நிறுவினால் சரி.

பட்டியல் திரையை நிறைக்கும் அளவுக்கு நீண்டால், அல்லது நீங்கள் க்னோம் ஆசாமி என்றால், இந்த வேலையே வேண்டாம். க்னோமின் சிஸ்டம்டிச் சார்பு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வருகிறது, 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 இன்னும் ஒரு படி நெருங்கியது. ஸ்னாப் பேக்கேஜ்களை இயக்கும் ஸ்னாப்டிக்கும் சிஸ்டம்டி கட்டாயம். அவற்றை வைத்துக்கொண்டே இனிட்டை மாற்ற முயல்வது வீண் பிடிவாதம்.

மாற்றிய பிறகு பார்க்க வேண்டியவை

முதலில் பதிவேடு. டெபியன் 12-இலிருந்து பதிவேடு எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, சிஸ்டம்டியின் ஜர்னலே போதும் என்று விட்டுவிட்டார்கள். சிஸ்டம்டி போனால் ஜர்னலும் போகும். வார்/லாக்கில் சிஸ்லாக் கோப்பே இருக்காது, ஏதாவது உடையும்போதுதான் அது தெரியவரும். ஆர்சிஸ்லாக்கை அன்றைக்கே நிறுவுங்கள். கடிகார நேரத்தைச் சரியாக வைக்க க்ரோனியையும் நிறுவுங்கள்.

அடுத்து, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான். பல பேக்கேஜ்கள் சிஸ்டம்டி டைமர், கிரான் கோப்பு இரண்டையும் கொண்டு வருகின்றன. இணையதளச் சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டின் கிரான் வரியைத் திறந்து பார்த்தால், ரன்/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவு இருந்தால் எதுவும் செய்யாதே என்று எழுதியிருக்கும். சிஸ்டம்டி இல்லாதபோது அந்த வரி விழித்துக்கொள்ளும், ஆனால் கிரான் நிறுவப்பட்டிருந்தால்தான். டைமர் மட்டும் கொண்டுவரும் பேக்கேஜ்களுக்கு நீங்களே கிரான் வரி எழுத வேண்டும்.

சொந்த ஸ்கிரிப்ட் ஏதும் வைத்திருந்தால் ஈடிசி/இனிட்.டியில் போட்டு, தலைப்பில் எல்எஸ்பி குறிப்புகளை எழுதுங்கள்: ப்ரொவைட்ஸ், ரிக்வயர்ட்-ஸ்டார்ட், டிஃபால்ட்-ஸ்டார்ட் முதலியவை. துவக்க வரிசை அவற்றை வைத்தே கணக்கிடப்படுகிறது. பிறகு 'அப்டேட்-ஆர்சி.டி' கட்டளையில் 'டிஃபால்ட்ஸ்' கொடுங்கள். செத்தால் எழுப்பும் வேலையை இந்த ஸ்கிரிப்ட் செய்யாது. அது வேண்டுமென்றால் ஈடிசி/இனிட்டேபில் 'ரீஸ்பான்' வரி சேர்க்கலாம்.

இனி ஒரு பூட்டு. ஈடிசி/ஆப்ட்/ப்ரிஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு கோப்பு, அதில் மூன்று வரி:

பேக்கேஜ்: சிஸ்டம்டி-சிஸ்வி
பின்: ரிலீஸ் ஓ=டெபியன்
பின்-ப்ரயாரிட்டி: -1

எதிர்மறை எண் கொடுத்தால் அந்தப் பேக்கேஜை ஆப்ட் நிறுவவே நிறுவாது. நாளைக்கு யாரோ ஒரு பேக்கேஜ் அதைக் கேட்டால் சத்தமில்லாமல் இனிட் மாறாது, பிழை சொல்லி நிற்கும். ஈக்விவ்ஸ் என்ற கருவி கொண்டு பொய்ப் பேக்கேஜ் கட்டி ஆப்ட்டை ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பிழை ஆப்ட்டிலிருந்து நிரலுக்கு இடம் மாறும், அங்கே தேடுவது இன்னும் கஷ்டம்.

இவ்வளவு பராமரிப்பு ஒத்துவராது என்றால் டெவுவானுக்குப் போங்கள். டெபியன் 12-க்கு இணை டேடலஸ், 2023 ஆகஸ்ட் வெளியீடு. நிறுவியிலேயே சிஸ்விஇனிட், ஓபன்ஆர்சி, ரன்இட் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். டெபியனின் பேக்கேஜ்களோடு தாங்கள் திருத்தியவற்றை இணைத்த களஞ்சியம் அவர்களுடையது. அதனால் ஆப்ட் மூலப் பட்டியலில் டெபியன் களஞ்சியத்தையும் பக்கத்தில் சேர்த்து வைக்காதீர்கள், ஒரே மேம்படுத்தலில் எல்லாம் கலந்துவிடும்.

டெபியனிலேயே இருந்து 13-க்குப் போகிறவர்கள் பூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, முதலில் 'வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்' தேர்வோடு 'ஆப்ட் அப்கிரேட்' செய்யுங்கள். அப்புறம் 'ஃபுல்-அப்கிரேட்'டை மைனஸ் எஸ் போட்டு ஓட்டி, அகற்றல் பட்டியலில் ஈலாகின்டியோ சிஸ்விஇனிட்-கோரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்தப் பேக்கேஜ் அவற்றைத் தள்ளுகிறது என்று ஆப்டிட்யூடிடம் கேட்டுவிட்டு, அதைத் தற்காலிகமாக அகற்றிய பிறகு மேலே போகலாம்.